மூன்று மிதி

1

கிளப்பின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு ஒரு பக்க வாழ்த்துரை வேண்டும் என்று சேரன்மகாதேவியிலிருந்து அண்ணன் கடிதம் எழுதியிருந்தான். அப்பா செயலாளராக இருந்த கால்பந்துக் கிளப். இப்போது அண்ணன் செயலாளர். கனடாவில் இருக்கும் தங்கையின் போட்டோவும் நாலு நல்ல வார்த்தையும் வந்தால் மலருக்குக் கௌரவம் என்று நினைக்கிறான். கடிதத்தின் அடியில் கொஞ்சம் சேர்த்திருந்தான். 'இப்ப பிள்ளைகளோட அப்பாமாரே சாயங்காலம் வந்து ஆட்டம் சொல்லிக் குடுக்காங்க. நீ சின்ன வயசுல மிதிச்ச கதையையும் எழுது. எல்லாரும் ரசிப்பாங்க.'

ரசிக்க மாட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. வெட்டாமல் போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் அங்கேயே கிழித்துப் போடுங்கள்.

இளையவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர் இடது காலால் மூன்று முறை மிதித்தால் முதுகுப் பிடிப்பும் சுளுக்கும் விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ஐந்து வயதிலிருந்தே எனக்கு அந்த உத்தியோகம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அம்மா என் காலைக் கழுவி விடுவாள். வந்தவர் பாயில் குப்புறப் படுப்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி மூன்று மிதி மிதிக்க வேண்டும். தெருவில் மற்றப் பெண்பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். என் காலுக்கடியில் யாரோ ஒரு பெரியவரின் வியர்த்த முதுகு. உனக்கு இஷ்டமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஏழு வயதில் அப்பா என்னை மைதானத்துக்கும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். மைதானம் என்றால் அறுவடை முடிந்த வயல், இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பில் கோல்போஸ்ட். இடைவேளையில் ஆட்டக்காரர்கள் வரிசையாகக் குப்புறப் படுத்துவிடுவார்கள். ஒருவன் முதுகிலிருந்து அடுத்தவன் முதுகுக்குத் தரையில் கால் வைக்காமலே போவேன். எதிரணிக்காரர்கள் கூட, 'செயலாளர்வாள், ஒங்க பிள்ளைய இங்கனயும் கொஞ்சம் அனுப்புங்க' என்பார்கள். வயதுக்கு வந்ததும் நிறுத்தினார்கள். அதையும் என்னைக் கேட்டுச் செய்யவில்லை.

2

நாங்கள் இருப்பது டொராண்டோவுக்கு மேற்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லம் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் எனக்கு வேலை. காலை ஆறு மணிக்கு முதல் மெஷினைப் போட வேண்டும். படுக்கை விரிப்புகள் வெளியே வரும்போது மூஞ்சியில் ஆவி அடிக்கும். இரண்டு மணிக்கு வெளியே வந்தால் குளிர் அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்பவெப்பம் எனக்கு இங்கே வாய்க்கவில்லை. வீட்டுக்காரருக்கு லாரி டயர் கிடங்கில் வேலை. அவருக்கும் இதே கதைதான்.

ஒரே மகன், கண்ணன். இங்கே வரும்போது நாலு வயது. சோறு கேட்பது, சண்டை போடுவது எல்லாம் தமிழில்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வந்தது. அப்புறம் பதிலுக்குத் தோளைக் குலுக்கினான். பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் கென். நான் வைத்த பெயர் இல்லை, அவனே வைத்துக்கொண்டது. கால்பந்து பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பான். அவனும் நானும் சேர்ந்து உட்கார்ந்து பேச வீட்டில் வேறு எதுவும் மிச்சமில்லை.

அவன் ஆடிய அணி பதினொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. இரண்டு வருடம் முன்பு அந்த அணிக்குச் சொல்லிக்கொடுத்தவர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். இங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுப்பவர்கள் பெற்றோர்தான். ஆனால் சும்மா வந்து விசில் ஊத முடியாது. இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். மாத முடிவுக்குள் ஒருவர் முன்வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று கடிதம் வந்தது. கூட்டம் போட்டார்கள். அப்பாமார் எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கினேன்.

காரில் ஏறியதும் அவன் கேட்டான், ஆஃப்சைடு என்றால் உனக்குத் தெரியுமா என்று. உன் தாத்தாவின் மைதானத்தில் வளர்ந்தவள், இந்த ஊர் நடுவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தான். அந்தச் சான்றிதழ் எனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம். அது இல்லையென்றால் அணி இல்லை. அணி இல்லையென்றால் என் பிள்ளை என்னோடு பேச ஒன்றுமில்லை.

விண்ணப்பப் படிவம் ஏழு பக்கம். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எனக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை அங்கே போட்டுவிட்டார்கள். அதனால் இங்கே நான் மிஸஸ் ஆறுமுகம். என் அப்பாவுக்கே நான் பெண்டாட்டி ஆகிவிட்டேன். முன்பு குடியிருந்த ஊரிலிருந்து போலீஸ் சான்று வேறு வேண்டும் என்றிருந்தது. வைகாசியில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எப்படியும் ஊருக்கு வருகிறேன், அப்போது வாங்கித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். சரி, முதலில் பயிற்சிக்கு வா என்றார்கள்.

3

மார்ச் மாதம். வெளியே பனி. ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கில் இருபது அப்பா அம்மாமார். பயிற்சி கொடுத்தவள் லிண்டா, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். சிரிக்கிற ஆள் இல்லை.

முதல் நாள் முழுக்கச் செய்யக்கூடாதவைதான். கோல்போஸ்ட்டைத் தரையோடு இறுக்கிக் கட்டாமல் ஆட்டத்தைத் தொடங்கக்கூடாது, பிள்ளைகள் தொங்கினால் மேலே சாயும். இடி கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்ப இறங்கக்கூடாது. தாகம் என்று பிள்ளை கேட்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுக்க வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்குத் திரும்ப ஆடவிடக்கூடாது, அவன் கெஞ்சினாலும், அவன் அப்பா கெஞ்சினாலும். தனியறையில் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் இருக்கக்கூடாது. அடிக்கக்கூடாது. தோற்றதற்காக மைதானத்தைச் சுற்றி ஓடவிடக்கூடாது.

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. இதில் எதை நாம் செய்யவில்லை? சித்திரை வெயிலில் தண்ணீர் குடித்தால் ஓட முடியாது என்று குடத்தைக் கவிழ்த்து வைத்தவர் என் அப்பா.

இரண்டாம் நாள் நடித்துப் பார்க்கும் வகுப்பு. ஒருவர் அடிபட்ட பிள்ளையாகக் கீழே படுக்க வேண்டும். இன்னொருவர் பயிற்சியாளராக வந்து செய்ய வேண்டியதைச் செய்து காட்ட வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவர் ரொட்டிக்கடைக்காரர், பெரிய உடம்பு. அவருக்குக் கொடுத்த சீட்டில், முதுகில் அடிபட்டுக் குப்புற விழுந்திருக்கிறாய், எழுந்திருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. மனுஷன் நன்றாகவே நடித்தார். குப்புற விழுந்து முனகினார்.

அந்த முனகல் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து பழக்கமான முனகல். ஓடினேன். ஓடும்போதே இடது கால் ஷூவைக் கழற்றிவிட்டேன். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு உறைத்தபோது என் பாதம் அவர் முதுகின் நடுவில் இருந்தது.

ரொட்டிக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார், நன்றாகத்தான் இருக்கிறது என்றார். லிண்டா என் முழங்கையைப் பிடித்துப் பைய இறக்கினாள். ஏன் என்று கேட்டாள். பதற்றத்தில் என் இங்கிலீஷ் எப்போதும் காலை வாரிவிடும். பிறக்கும்போது எனக்குக் கால் முதலில் வந்தது, அதனால் காலில் சக்தி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இருபது பேரும் கேட்டார்கள்.

லிண்டா என்னை ஓரமாகக் கூட்டிப் போனாள். இதைப் பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எத்தனை பேருக்கு? எண்ணவில்லை என்றேன். மேஜையிலிருந்து பிளாஸ்டிக்கில் செய்த கழுத்தெலும்பை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். அடிபட்ட கழுத்தில் எலும்பு விரிசல் விட்டிருந்தால், உடம்பை ஒரு விரல்கடை நகர்த்தினாலே உள்ளே போகும் நரம்பு நசுங்கிவிடும் என்றாள். நீ மிதித்தபோது ஏதாவது சத்தம் கேட்டதுண்டா என்று கேட்டாள்.

எலும்பை மேஜையில் திரும்ப வைத்தேன். கேட்டதுண்டு.

பத்து நாள் கழித்துத் தபால் வந்தது. பிள்ளைகள் பாதுகாப்புக் குழு என்னை நேரில் விசாரிக்கும். அதுவரை அணிப் பக்கம் போகக்கூடாது. நடந்ததற்கு எழுத்தில் விளக்கம் கொண்டுவர வேண்டும். ஊருக்கு வந்து திரும்பும் தேதியைச் சொல்லி, அதற்குப் பிறகு விசாரணையை வைக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அரைமணி நேரத்தில் விளக்கத்தை எழுதி முடித்தார். தரை வழுக்கியது, நிலை தவறிக் கால் பட்டுவிட்டது, மன்னிக்கவும்.

'இதக் குடு. கையெழுத்துப் போடு. முடிஞ்சு போச்சு' என்றார்.

மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

4

சுடலைமுத்துவை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் கிளப்பின் கோல்கீப்பர். எனக்குப் பன்னிரண்டு வயது, அவருக்குப் பதினெட்டு இருக்கும். இறுதி ஆட்டம். பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவர் பிடரியைக் கம்பத்தில் இடித்துக்கொண்டு குப்புற விழுந்தார். எழுந்திருக்கவில்லை. சோடாவைக் கொண்டு வா, தலைமயிரைப் பிடித்து இழு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். 'ஏலே, அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்கலே' என்றார் ஒருவர். அப்பா என் கையைப் பிடித்து மைதானத்துக்குள் நடத்திக்கொண்டு போனார். மேலே, இன்னும் மேலே, கழுத்துக்குக் கீழே என்று இடம் காட்டினார்.

இரண்டு மிதி வரை ஒன்றுமில்லை. மூன்றாவதில் என் உள்ளங்காலுக்கடியில் நொடுக்கென்று ஒன்று நகர்ந்தது. சுடலைமுத்து அலறினார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். 'சுளுக்கு விட்டுட்டு' என்று கூட்டம் கை தட்டியது. இரண்டாவது பாதியும் அவர்தான் கோல் காத்தார். கோப்பை நமக்கு. அந்தக் கோப்பை இப்போதும் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அடுத்த வருடம் சுடலைமுத்து ஆடவில்லை. வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள்.

அந்த நொடுக் இருபத்தைந்து வருடமாக எனக்குப் பெருமையான சத்தம். இங்கே ஒரு பிளாஸ்டிக் எலும்பைக் கையில் பிடித்த நிமிஷத்திலிருந்து அது வேறு சத்தம்.

கல்யாணத்துக்கு வந்தபோது முதலில் போலீஸ் சான்றுக்கு அலைந்தேன். கால்பந்து சொல்லிக்கொடுக்கக் கனடாக்காரன் போலீஸ் சான்று கேட்கிறான் என்றதும் அங்கே இருந்த ஏட்டு பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். பிறகு மூன்று நகல் கேட்டார்கள், நாலாவது முறை போனபோது கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் அண்ணனை இழுத்துக்கொண்டு ஏரலுக்குப் பஸ் ஏறினேன். சுடலைமுத்து அங்கே வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார் என்று அவன்தான் சொன்னான்.

தார்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். இடது கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டார். வலது கை மடியிலிருந்து நழுவிப் பக்கவாட்டில் தொங்கியது.

'வாங்க தாயி, எப்ப வந்திய? ஒங்கப்பாவக் கண்ட மாதிரி இருக்கு' என்றார்.

குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னார். கல்யாணம் விசாரித்தார். அந்தக் கை எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

'அது ஆச்சு, ரொம்ப காலம். ஆட்டத்த விட்ட வருசமே கொஞ்சங்கொஞ்சமாச் செத்துட்டு. வாதம்னாங்க. எண்ணெய் போட்டுப் பாத்தேன், கேக்கல.' பிறகு முகம் மலர்ந்து சொன்னார். 'வந்ததுதான் வந்திய, ஒரு மூணு மிதி மிதிச்சிட்டுப் போங்க. நடு முதுகு ராத்திரியெல்லாம் தூங்கவிட மாட்டேங்கு. இங்கன சாக்க விரிக்கச் சொல்லுதேன்.'

'மிதிச்சு விடேன்ட்டி, ஒனக்கென்ன கொறஞ்சா போவும்?' என்றான் அண்ணன்.

மாட்டேன் என்றேன்.

'கனடா போயிக் கால் வெலையேறிட்டோ?' என்று சுடலைமுத்து சிரித்தார்.

நான் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கம்பத்தில் இடித்ததில் உங்கள் கழுத்தெலும்பு விரிசல் விட்டிருக்கலாம், அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும், அதன்மேல் நான் மிதித்தேன், மூன்றாவது மிதியில் ஏதோ நகர்ந்தது, கை போனது அதனால் இருக்கலாம். நிச்சயமாகத் தெரியாது. இருக்கலாம்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

'அப்படிச் சொல்லாதிய தாயி' என்றார். 'அன்னைக்கு அந்தப் பிள்ள மிதிக்கலேன்னா நான் படுத்த படுக்கைதான்னு எம்பிள்ளைகளுக்குச் சொல்லி வச்சிருக்கேன். ஒங்க பேரச் சொல்லித்தான் இத்தன வருசம் எந்திரிச்சு நடமாடுதேன். அத எங்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போவாதிய.'

கலர் வந்தது. குடிக்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்ரீவைகுண்டம் தாண்டியது. அண்ணன் வெடித்தான். 'ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நல்லா இருக்க மனுசன்ட்ட போயி என்னத்தையோ கொளுத்திப் போட்டுட்டு வார.'

அவர் கையைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்றான். அத்தனை அடிபட்டவரை அப்பா ஏன் இரண்டாவது பாதியிலும் இறக்கினார் என்று கேட்டேன்.

'வேற கீப்பர் கெடையாதுல்லா' என்றான்.

5

விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். லிண்டாவும் வந்திருந்தாள். போலீஸ் சான்றை வாங்கிப் பார்த்துப் பக்கத்தில் வைத்தார்கள். எழுதிக்கொண்டு வந்த விளக்கத்தைக் கேட்டார்கள். கைப்பையைத் திறந்தேன். வீட்டுக்காரர் எழுதிய தாள் அங்கேயே இருந்தது. வழுக்கியது என்று சொன்னால் அன்றைக்கே சான்றிதழ் கிடைத்திருக்கும். லிண்டாவைத் தவிர யாரும் அதைக் கிளறியிருக்க மாட்டார்கள். கண்ணன் வெளியே காரில் உட்கார்ந்திருந்தான், பூட்ஸ் மாட்டிக்கொண்டு.

தாளை எடுக்கவில்லை. வாயால் சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஏரல் வரை. சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

அவர்களில் ஒரு அம்மாள், கண்ணாடி போட்டவள், அப்போது உனக்கு என்ன வயது என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். அப்படியானால் நீயே ஒரு குழந்தை, உன்னைத்தான் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று இரக்கமாகச் சொல்லி ஏதோ எழுதிக்கொண்டாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் கீழே படுத்திருந்தவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். மறுபடி முழுப் பயிற்சிக்கு வர வேண்டும், லிண்டா திருப்தி என்று எழுதினால் சான்றிதழ். அதற்குள் கண்ணனின் அணி கலைந்துபோனது. பிள்ளைகளை நாலு அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கண்ணனுக்குக் கிடைத்த இடத்தில் அவனை வெளியே உட்காரவைத்தார்கள், அந்தக் கோடை முழுக்க.

விசாரணை முடிந்த அன்றைக்குக் காரில் ஏறி விஷயத்தைச் சொன்னதும் அவன் பூட்ஸ் நாடாவை அவிழ்த்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான், 'நீ பொய் சொல்லியிருக்கலாம்.'

எட்டு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அதுதான்.

6

மறு வருடம் போனேன். அதே அரங்கம், அதே பிளாஸ்டிக் எலும்பு. லிண்டா என்னை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேலை வாங்கினாள். சான்றிதழ் வந்தது. ஓர் அணியும் கொடுத்தார்கள், பத்து வயதுப் பிள்ளைகள். கண்ணனுக்கு இப்போது வேறு அணி. ஆனாலும் சனிக்கிழமைகளில் என்னோடு வந்து பயிற்சிக் கூம்புகளை அடுக்கி வைக்கிறான். ஏன் வருகிறாய் என்று நான் கேட்பதில்லை.

அண்ணன் எழுதியிருக்கிறானே, சாயங்காலம் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் அப்பாமார், அவர்களிடம் நேரே சொல்கிறேன். வாழ்த்துரை கேட்டீர்கள் அல்லவா, இதுதான். உங்களுக்கு அன்பு இருக்கிறது, சந்தேகமில்லை. என் அப்பாவுக்கும் இருந்தது. விழுந்த பிள்ளையைப் பார்த்ததும் உங்கள் கை பரபரக்கும். தூக்கி உட்காரவைக்காதீர்கள். தலைமயிரைப் பிடித்து இழுக்காதீர்கள். வாயில் சோடா ஊற்றாதீர்கள். சுளுக்கெடுப்பவரைத் தேடி ஆள் அனுப்பாதீர்கள். கழுத்து, முதுகு என்று பிள்ளை சொன்னால் அவன் கிடக்கிறபடியே கிடக்கட்டும். தலையை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டிக்கு ஆள் அனுப்புங்கள். வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்பீர்கள். ஆகட்டும். ஆட்டம் நிற்கட்டும். உங்களில் இரண்டு பேராவது பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போய் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். வேறு கீப்பர் இல்லையென்றால் கீப்பர் இல்லாமல் ஆடித் தோற்றுப்போங்கள்.

சொல்வது சுலபம். செய்வது என்னவென்று போன மாதம் தெரிந்துகொண்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிள்ளைக்கு எலும்பு எதுவும் உடையவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் படம் எடுத்துப் பார்த்து, தசைப் பிடிப்புதான் என்று அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு கூத்து எதற்கு என்று அவன் அப்பா என்னைத் திட்டினார், மறுவாரம் பையனை அனுப்பவில்லை.

பையன் பெயர் ரஜீவன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் அணியில் தமிழ் பேசும் ஒரே பிள்ளை. பந்தைத் தலையால் முட்ட எம்பியவன் இன்னொருவனோடு மோதி மல்லாக்க விழுந்தான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, கழுத்து வலிக்கிறது என்றான். அவன் தலைமாட்டில் முழங்கைகளை ஊன்றிக் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் காதுகளுக்கு மேலே பிடித்துக்கொண்டேன். ஒரு அம்மாளை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய அனுப்பினேன். மற்றப் பிள்ளைகளைக் கண்ணன் தள்ளி நிறுத்தினான்.

அவன் அப்பா எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடிவந்தார்.

'பிள்ளையைத் தூக்குங்கோ அக்கா. என்னத்துக்குப் பிடிச்சு வச்சுக்கொண்டு இருக்கிறியள்?'

கழுத்து வலி என்கிறான், வண்டி வந்துகொண்டிருக்கிறது, தொடாதீர்கள் என்றேன்.

'என்ர பிள்ளை. நான் தூக்குவன்.'

குனிந்தார். நான் கையை எடுக்கவில்லை. 'தூக்கணும்னா என்னய உதைச்சுத் தள்ளிட்டுத்தான் தூக்கணும். உதைங்க' என்றேன்.

அவர் உதைக்கவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தார். என்னை ஏதேதோ சொன்னார், எல்லாவற்றையும் எழுத முடியாது. புல் ஈரம் சட்டையில் ஏறியது. முழங்கை மரத்துப்போனது. நேரம் நகரவில்லை. என் உள்ளங்கைக்குள் அந்தச் சின்னத் தலை சூடாக இருந்தது. நாடித்துடிப்பு அவனுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. எழுந்திரு, ஏதாவது செய் என்று என் உடம்பு முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் செய்யாமல் இருந்து பழக்கமில்லை.

ரஜீவன் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

'அன்ரி, நான் அழலாமோ?'

'அழுலே' என்றேன். 'தலைய மட்டும் ஆட்டாம அழு.'